தாழியிலிருந்து எடுத்தவர்களை எங்கே வைப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகையில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் வரைந்தது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபியல் துறையினரும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகத்தினரும் சேர்ந்து செய்த வேலை. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இரண்டு ஆண்கள். அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பார்த்துப் பழகிய முகம்போலவே இருந்தது. கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் முகம் வரைந்து முடித்த பிறகு அந்த மண்டையோடுகள் என்ன ஆகின்றன என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அங்கேயும் தாழிகள் புதைந்த பழங்கால இடுகாடு உண்டு. அந்த மேடு 114 ஏக்கர்; நாங்கள் அதைப் பறம்பு என்போம். நல்ல மழை பெய்து ஓய்ந்தால் மேல்மண் கரைந்து, தாழிகளின் வாய் விளிம்பு தரையில் வட்டம் வட்டமாகத் தெரியும். சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு வட்டத்துக்குள் காலை வைத்துக் குதித்தேன். ஆச்சி என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் வளையல் உடைந்தது. “ஏட்டி, அங்கன மிதிக்காத. ஆளு படுத்திருக்கு” என்றாள். பள்ளிக்கூடம் போகாதவள். அந்த ஆள் எந்தச் சாதி, எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆள் படுத்திருக்கு, அதனால் மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அதே ஆச்சிதான் மதமதக்கத் தாழிக் கதையையும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை அது. வயது ஏறிக்கொண்டே போய், உடம்பு சுருங்கி, சாவு வராமல் கிடக்கும் கிழடுகளைத் தாழிக்குள் உட்கார வைத்து, விளக்கு ஏற்றி, சோறும் தண்ணீரும் வைத்து மூடிவிடுவார்களாம். நான் ஆசிரியை ஆன பிறகும் பல ஆண்டுகள் இந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அது பொய். 2020இல் கொந்தகையில் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. தாழிகள் கிழவர்களுக்கு மட்டும் என்றால் குழந்தைகள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? சில தாழிகளில் முழு உடல் இருக்கிறது. சிலவற்றில், உடல் வேறோர் இடத்தில் கரைந்த பிறகு பொறுக்கிச் சேர்த்த எலும்புகள் மட்டும் இருக்கின்றன. பொறுக்கி வைத்த எலும்புக்கு யார் விளக்கும் சோறும் வைத்துக் காத்திருப்பார்கள்?

புறநானூற்றின் 256ஆம் பாட்டிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லியைப் போலக் கணவனோடு காடும் சுரமும் கடந்து வந்த ஒருத்தி, அவன் இறந்தபின் குயவரிடம் போய், எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து கொடு என்று கேட்கிறாள். அங்கே தாழி வனைவது இறந்தவனுக்குத்தான், சாகாத கிழவருக்கு இல்லை. பெற்றவர்களை உயிரோடு அடைத்தவர்கள் என்ற பழியை நம் முன்னோர்மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வந்தோம். அதைத் துடைத்தது அகழாய்வும் எலும்பியலும். ஆகவே தோண்டாதே, தொடாதே என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆய்வு நடக்க வேண்டும், இன்னும் நிறைய நடக்க வேண்டும்.

ஆனால் எலும்பைத் தொடும் கை எப்படித் தொடுகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் எங்கள் பறம்பைத் தோண்டிக் கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டினார். அவர் எடுத்த மண்டையோடுகளை அளந்து 1930இல் சக்கர்மன் என்ற உடற்கூறியலாளர் எழுதினார். இந்த மண்டையோடு இந்த இனம், அது அந்த இனம் என்று பிரிப்பதுதான் அன்றைய அறிவியலின் கவலை. இன்றைய பரிணாம உயிரியல் அந்த இனப் பிரிவுகளைத் தூக்கி எறிந்துவிட்டது. மனிதர்கள் இடம்பெயர்ந்து, கலந்து, மறுபடியும் கலந்துதான் வந்திருக்கிறார்கள் என்று பழைய டிஎன்ஏ காட்டுகிறது. அப்படியிருக்க, கொந்தகை முகங்கள் வெளியான அன்றே மூக்கையும் நிறத்தையும் வைத்து ‘இவர் நம்மாள், இல்லை உங்காள்’ என்று சண்டை தொடங்கிவிட்டது. தோலின் நிறமும் தலைமுடியும் எலும்பிலிருந்து நேராகக் கிடைப்பவை இல்லை, இன்றைய மக்களை வைத்து ஊகித்துச் சேர்ப்பவை. இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

டிஎன்ஏ எடுப்பது எப்படி என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். காதுக்கு உள்ளே மண்டையோட்டின் அடியில் பாறைபோல் இறுகிய ஓர் எலும்பு இருக்கிறது. அதையோ பல்லையோ துளையிட்டுப் பொடியாக்குகிறார்கள். பொடித்தது பொடித்ததுதான். நம் வெயிலிலும் ஈரத்திலும் டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக இடமான ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து, ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியை மட்டும்தான் படிக்க முடிந்தது. 2019இல் அந்த ஆய்வு வெளியானது. ஒருவரைப் படிக்க அத்தனை எலும்பில் கை வைக்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. அப்படியானால் அவர்களுக்காக யாராவது கேட்க வேண்டுமல்லவா?

மற்ற நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். 1996இல் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் கென்னவிக் என்ற ஊரில் ஏறத்தாழ 8,500 ஆண்டுப் பழமையான ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. அங்குள்ள பழங்குடியினர் ‘அவர் எங்கள் மூத்தவர், மண்ணுக்குத் திருப்பிக் கொடுங்கள்’ என்றார்கள். அறிவியலாளர்கள் சிலர் அவர் இவர்களுக்கு உறவே இல்லை என்று வழக்குப் போட்டு வென்றார்கள். கடைசியில் 2015இல் ஒரு கையெலும்புத் துணுக்கிலிருந்து எடுத்த டிஎன்ஏ, அவர் பழங்குடியினரின் உறவினர்தான் என்று காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் டிஎன்ஏவைக் கொடுத்ததும் அந்தப் பழங்குடிகளில் ஒரு பிரிவினரே. 2017இல் ஐந்து பழங்குடிகள் கூடி, வெளியே சொல்லாத ஓரிடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மரியாதை வேண்டும் என்றவர்களின் பக்கம் கடைசியில் அறிவியலே வந்து நின்றது. இந்த வழக்கை நான் எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது, இருபது ஆண்டுகள் வீணாயினவே என்று.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. இலங்கையின் வேடர் பழங்குடியினருடைய ஒன்பது மண்டையோடுகளை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் அவர்களுடைய தலைவரின் கையில் திருப்பிக் கொடுத்தது. 2024இல் இங்கிலாந்தில் நாகா பழங்குடியினர் ஒருவரின் மண்டையோடு ஏலத்துக்கு வந்தது. நாகாலாந்து முதலமைச்சர் வரை எதிர்ப்புத் தெரிவித்த பிறகே ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஏலம்! ஒரு மனிதரின் தலை!

நம் சிக்கல் வேறு மாதிரியானது. கென்னவிக்கில் உரிமை கோர ஐந்து பழங்குடிகள் இருந்தன. கொந்தகைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் ‘இவர் என் பாட்டன்’ என்று தனியாக வந்து நிற்க யாரும் இல்லை. மேடையில் எல்லோரும் ‘எம் முன்னோர்’ என்கிறார்கள், எலும்பு வைத்திருக்கும் அறைக்குள் போய்ப் பார்ப்பவரைக் காணோம். எந்த மதப்படி மரியாதை செய்வது என்றும் கேட்பார்கள். இன்றைய எந்த மதத்தின் சடங்கையும் அவர்கள்மேல் ஏற்றிவைக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். மணிமேகலை பௌத்த நூல். அது புகாரின் சுடுகாட்டைக் காட்டும்போது, சுடுபவர், சும்மா இட்டுவிட்டுப் போகிறவர், குழியில் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் அடைப்பவர், தாழியில் கவிப்பவர் என்று எல்லோரையும் ஒரே மூச்சில் வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. ஒருவரையும் இழிவாகச் சொல்லவில்லை. தாழியில் வைத்தவர்கள் எதை விரும்பினார்கள் என்பதில் சந்தேகம் இல்லை: தாழி, மண், அருகில் சில பாத்திரங்கள், அமைதி.

என் கண்ணால் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பு மாணவிகளை ஓரிடத்துக்குக் கூட்டிப் போனேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பணியாளர் அன்பாகத்தான் எல்லாம் காட்டினார். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். ஈரம் குடித்து அடிப்பக்கம் தொய்ந்திருந்தது. உள்ளே பழைய செய்தித்தாளில் பொதிந்த எலும்புகள். நூலில் கட்டிய சீட்டில் மை வெளுத்து, எந்தக் குழி, எந்தத் தாழி என்பதே படிக்க முடியவில்லை. ஒரு பல் உருண்டு தரையில் விழுந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுத்துவிட்டு, “இவங்கள மறுபடி புதைப்பாங்களா டீச்சர்?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சீட்டு அழிந்த அந்த எலும்பு இனி ஆய்வுக்கும் உதவாது, தன் தாழிக்கும் திரும்ப முடியாது.

எந்தப் புதைகுழியில் எடுத்தாலும் எத்தனை பேரை எடுத்தோம், எங்கே வைத்திருக்கிறோம், எதைப் பொடித்தோம் என்று எழுதி, யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தோண்டும் முன் அந்த ஊர்க் கிராமசபையில் சொல்ல வேண்டும். ஆய்வு முடிந்ததும் அவர்களை அதே மேட்டில், பிற்காலத்தில் வேண்டுமானால் மறுபடி ஆராயும்படி கட்டிய நிலவறையில் வைக்கலாம். ஆதிச்சநல்லூரில் 2023இல், எடுத்த குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். அங்கே நின்று கீழே பார்த்தபோது ஆச்சியை நினைத்துக்கொண்டேன். பழங்குடியினரின் எலும்புகளைக் காக்கவும் திருப்பிக் கொடுக்கவும் அமெரிக்கா 1990இல் தனிச் சட்டமே போட்டது. அப்படி ஒன்று நம்மிடம் இல்லை. தமிழ்நாடு அரசே முதலில் விதி வகுக்கலாம், அகழாய்வுக்கு இவ்வளவு ஆர்வம் காட்டும் அரசால் இது முடியும்.

தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முகம் வரையப்பட்ட அந்த இரண்டு பேரும் இன்று எந்தக் கட்டடத்தில், எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருக்கிறார்கள், பெட்டிமேல் உள்ள சீட்டைப் படிக்க முடிகிறதா என்று தங்கள் செய்தியாளரை அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.