பாப்பாவோட முதல் எல்க்: கூட தூக்குன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, முதுகு இப்பதான் நேரா நிக்குது, அதான் லேட்டு, கோச்சுக்காதீங்க. நானும் என் பொண்ணும் (13 வயசு) அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல மீக்கர் ஊர்ப் பக்கம் ஒயிட் ரிவர் காட்டுக்கு எல்க் (ஒரு பெரிய மான்) வேட்டைக்குப் போனது உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும், மீதி பேரு போட்டோவைப் பார்த்துட்டு ஊர்ல இருந்து போன் போட்டு "மானை சுட்டா ஜெயில்ல போடுவாங்கடா"ன்னு பதறுனீங்க. பதறாதீங்க, கொலராடோவுல லைசென்ஸ் எடுத்துதான் சுடுறோம், ஏப்ரல்ல அப்ளை பண்ணி குலுக்கல்ல பாப்பா பேருக்கு பெட்டை எல்க் லைசென்ஸ் விழுந்துச்சு. நம்ம ஊரு கடமான் இருக்குல்ல, அதைவிட பெருசு, பெட்டையே 200 கிலோவுக்கு மேல வரும்.

முதல்ல பக்கத்து வீட்டுப் பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, பாப்பா படிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கா. கோடை பூரா சனிக்கிழமை தவறாம துப்பாக்கி சுடற ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போனதும் அவர்தான், காத்தைப் பத்தி சொல்லிக்குடுத்ததும் அவர்தான். காலைல வெயில் ஏற ஏற காத்து மேட்டைப் பார்த்து ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் பள்ளத்தைப் பார்த்து இறங்கும், நம்ம வாடை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துட்டுதான் உக்காரணும். அதைப் பார்க்க ஒரு பவுடர் விப்பாங்க, பாப்பா பூஜை ரூம்ல இருந்து வாசனை இல்லாத விபூதி டப்பாவை எடுத்துட்டு வந்துட்டா, சூப்பரா வேலை செஞ்சுச்சு, பாட்டிகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

அப்புறம் வேட்டைப் பாதுகாப்பு கிளாஸ் எடுத்த டீச்சரம்மா. 1949 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்த யாரா இருந்தாலும் அந்த கிளாஸ் முடிச்சாதான் லைசென்ஸ், அதனால 44 வயசுல நானும் பொடிசுங்களோட பெஞ்சுல உக்காந்தேன். பரீட்சையில பாப்பா என்னைவிட மார்க் அதிகம். அதை நான் ஜோக்காதான் எடுத்துக்கிட்டேன், நாலாவது நாள் சாயங்காலம் வரைக்கும்.

அன்னைக்கு ஆஸ்பென் மரத்தோரம் மூணு பெட்டை வந்துச்சு, 160 கஜம் இருக்கும், முன்னாடி நின்னது அப்படியே பக்கவாட்டுல திரும்பிச்சு, நான் "சுடு சுடு"ன்னு காதுல சொல்றேன், இவ விரலை டிரிக்கர்கிட்டயே கொண்டுபோகல. "அப்பா, பின்னாடி இன்னொன்னு நிக்குது"ன்னா. எனக்கு அது தெரியவே இல்ல. ஒரே குண்டு துளைச்சுப் போய் ரெண்டுலயும் பட்டிருக்கும். வெளிச்சம் போயிட்டே இருக்கு, சூரியன் மறைஞ்சு அரை மணி நேரம் வரைக்கும்தான் சட்டப்படி டைம், நான் வாட்சையே பார்க்கறேன், இவ அசையாம உக்காந்திருக்கா. பத்து நிமிஷம் கழிச்சு ஒன்னு தனியா விலகி வந்துச்சு. ஒரே வெடி. கிட்டப் போய் அது கழுத்துல கை வெச்சுட்டு அழுதா, நானும்தான். டீச்சரம்மா, இது நீங்க சொல்லிக்குடுத்தது, அப்பன் சொன்னது இல்ல.

அதுக்கப்புறம்தான் உண்மையான வேலையே. அது விழுந்தது ஒரு ஓடைப் பள்ளத்துல, வண்டி நிக்கறது ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி. எவ்வளவு குளிரா இருந்தாலும் தோலை சீக்கிரம் உரிக்கலேன்னா உள்சூட்டுலயே கறி கெட்டுடும், நாலு தொடையையும் முதுகுக் கறியையும் காட்டுல விட்டுட்டு வரவும் சட்டம் விடாது. பின்தொடை ஒன்னே 25 கிலோ, ரெண்டு நடையில முடிச்சுடலாம்னு நெனச்ச என் கணக்கைப் பார்த்து இப்ப நானே சிரிக்கறேன். பக்கத்து கேம்ப்ல இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு, எங்க ஹெட்லைட் ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்குதேன்னு ரெண்டு குதிரையோட இறங்கி வந்தாங்க. பெட்டைன்னு தெரியற அடையாளம் கறியோடவே ஒட்டியிருக்கணும்னு அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார், நான் அதை அறுத்துப் போடப் பார்த்தேன், பெரிய ஃபைன்ல இருந்து தப்பிச்சேன். காசு வாங்கல. புளிசாதம் குடுத்தோம், தம்பி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். பேரு கேக்கக்கூட தோணல, வெக்கமா இருக்கு.

ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பாப்பா சைஸுக்குப் பிடிச்சு, ஆனா சட்டம் கேக்கற 500 சதுர அங்குலம் குறையாம தச்சுக்குடுத்த அக்காவுக்கு நன்றி (பிங்க்கும் போடலாம், இவ ஒத்துக்கல). அரோரா ஊர்ல கராஜையும் கறி அரைக்கற மெஷினையும் குடுத்து விடிய விடிய வெட்டுன நண்பர்களுக்கும் நன்றி. தலையை சிடபிள்யூடி (மானோட மூளையைத் தாக்கற நோய்) டெஸ்ட்டுக்குக் குடுத்தோம், ரிசல்ட் நல்லபடியா வந்தாச்சு, இனி தைரியமா சாப்பிடலாம். கொழுப்பு கம்மி, அதனால சுக்காவுக்கு நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமா விடுங்க. உப்புக்கண்டம் போடலாம்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க, துப்பாக்கின்னதுமே மூணு மாசம் என்கூடப் பேசாதவங்க அவங்கதான்.

கடைசியா ஒன்னு. கடன் வாங்குன அஞ்சு ஐஸ் பெட்டியில நாலு யாருதுன்னு தெரியும். மூடி உடைஞ்ச அந்த நீலக் கலர் பெட்டி யாருதுங்க? புது பெட்டி வாங்கி வெச்சிருக்கேன், கறியோட தரேன், வந்து எடுத்துக்கோங்க.