விளைவுகளை அளந்தது போதும், காரணங்களைக் கட்டுப்படுத்துங்கள்: உலக நாடுகளின் பேராளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காலநிலை, பல்லுயிர், பாலைவனமாதல், பிளாஸ்டிக் மாசு ஆகியவை குறித்த ஐக்கிய நாடுகள் பேச்சுவார்த்தைகளில் தங்கள் நாடுகளின் சார்பில் அமரும் பேராளர்களுக்கு,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டின் பயனாகக் காலநிலைக்கும் பல்லுயிருக்கும் பாலைவனமாதலுக்கும் தனித்தனியே உடன்படிக்கைகள் பிறந்தன. அன்று தொடங்கி நீங்களும், உங்களுக்கு முன் அந்த இருக்கைகளில் அமர்ந்தவர்களும், புவிக்கு நேரும் கேடுகளை மிகுந்த உழைப்போடு அளந்து, ஆவணப்படுத்தி, இலக்குகளாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கேடுகள் எங்கிருந்து புறப்படுகின்றனவோ அந்த இடத்தை உங்கள் உடன்படிக்கைகள் பெரும்பாலும் தொடாமலே விட்டிருக்கின்றன என்பதும், அளவீடுகள் ஆண்டுதோறும் மோசமாகி வருவதற்கு அதுவே முதன்மையான காரணம் என்பதும் என் உறுதியான கருத்து.

2015இல் நிறைவேறிய பாரிஸ் உடன்படிக்கையில் 29 உறுப்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில்கூட நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்ற பெயர்கள் இல்லை. வெப்பநிலை எவ்வளவுக்கு மேல் உயரக் கூடாது என்று அது சொல்கிறது. ஒவ்வொரு நாடும் தன் பசுமை இல்ல வாயு உமிழ்வைக் குறைக்கும் திட்டத்தைத் தானே வகுத்துத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த உமிழ்வின் மிகப் பெரும் பகுதிக்கு மூலமான எரிபொருள்கள் மண்ணிலிருந்து எவ்வளவு தோண்டி எடுக்கப்படலாம் என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் முடிவில்தான் நிலக்கரியின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. புதைபடிவ எரிபொருள்கள் அனைத்திலிருந்தும் விலகிச் செல்ல வேண்டும் என்று எழுதுவதற்கு 2023ஆம் ஆண்டின் துபாய் மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும், எந்த நாடு எந்த ஆண்டுக்குள் எவ்வளவு உற்பத்தியைக் குறைக்கும் என்ற அட்டவணை எதுவும் அதில் இல்லை.

இதற்கிடையில் காற்று தன் கணக்கை நிறுத்தி வைக்கவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் தொடர் அளவீடு தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காகவும், இன்று 420 பங்குக்கு மேலாகவும் உயர்ந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டாக 2024 அமைந்தது. இப்படிச் சேர்ந்த மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. அதன் விலையாகக் கடல்நீரின் அமிலத்தன்மை கூடி, ஓடும் கூடும் கட்டி வாழும் உயிர்கள் அவற்றைக் கட்ட முடியாமல் தவிக்கின்றன. கடல் சூடாவதால் பவளப்பாறைகள் நிறமிழக்கும் வெளிறல் உலகளாவிய அளவில் முதன்முதலாக 1998இல் பதிவானது. 2023இல் நான்காவது முறையாகத் தொடங்கியது.

ஒரே மூலம் எத்தனை கேடுகளாகக் கிளைக்கிறது என்பதை உங்கள் தனித்தனி அரங்குகள் மறைத்துவிடுகின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் நுண்துகள்களே உலகெங்கும் நகரங்களின் காற்றை நஞ்சாக்குகின்றன. வெளிப்புறக் காற்றாலும் வீட்டுப் புகையாலும் ஆண்டுதோறும் சுமார் 70 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் அதே எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் செய்யப்படுகிறது. எரிவாயுவைக் கொண்டு பெருமளவில் தயாராகும் நைட்ரஜன் உரம் உலகின் பசியைத் தணித்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அளவுக்கு மிஞ்சி இடப்பட்ட உரம் மிசிசிப்பி ஆற்றின் வழியே மெக்சிகோ வளைகுடாவைச் சேர்ந்து, ஒவ்வொரு கோடையிலும் பெரும் பரப்பில் ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரை உருவாக்குகிறது. இவற்றையெல்லாம் வெவ்வேறு சிக்கல்களாக வெவ்வேறு மேசைகளில் பேசும்போது மூலத்துக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

எல்லாக் கேடும் எரிபொருளிலிருந்தே வருகிறது என்று நான் சொல்லவில்லை. உயிரினங்களின் அழிவுக்கு நிலத்தையும் கடலையும் நாம் மாற்றிப் பயன்படுத்துவதே முதல் காரணம் என்றும், சுமார் பத்து இலட்சம் இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன என்றும் பல்லுயிருக்கான பன்னாட்டு அறிவியல் குழு 2019இல் அறிவித்தது. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றியதற்கு வானம் பொய்த்தது காரணமன்று. அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிடப்பட்டதே காரணம். மீன்பிடித் துறைமுகங்கள் கரையிழந்தன, உப்பும் பூச்சிக்கொல்லியும் கலந்த புழுதி மக்களின் நுரையீரலுக்குள் போயிற்று. அங்கும் காரணம் மனிதர் எடுத்த உற்பத்தி முடிவு ஒன்றுதான். அதே கடலின் வடபகுதியில் 2005இல் கஜகஸ்தான் ஓர் அணையைக் கட்டி நீரைத் தேக்கியபின், அங்கே நீர்மட்டம் உயர்ந்து மீன்களும் திரும்பின.

காரணத்தைத் தொட்டால் பலன் கிடைக்கும் என்பதற்கு உங்கள் அரங்கிலேயே சான்று இருக்கிறது. குளிர்பதன வாயுக்களாகப் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே படலம் மெலிந்து கிடப்பது அளவீடுகளால் வெளிப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் மாண்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. அது மக்களைப் பார்த்துக் குடை பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்த வேதிப்பொருளை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைத்து உற்பத்தி செய்ய வேண்டும் என்று பெயரும் அளவும் காலமும் குறித்து எழுதியது. வளரும் நாடுகளுக்குப் பத்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான கூடுதல் செலவை ஏற்கத் தனி நிதியம் ஒன்றும் பின்னர் அமைந்தது. மாற்றாக வந்த ஹைட்ரோபுளோரோகார்பன்கள் புவியைச் சூடாக்குவது தெளிவானபோது, 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் அவற்றையும் அந்த நெறிமுறையே கட்டுக்குள் கொண்டுவந்தது. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால், துருவப் பகுதிகள் நீங்கலாக உலகின் பெரும்பகுதிக்கு மேலே ஓசோன் படலம் 2040 அளவில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என அறிவியலாளர்கள் கணிக்கிறார்கள்.

குளிர்பதன வாயுவைச் சில நிறுவனங்களே தயாரித்தன, எரிபொருளோ முழுப் பொருளாதாரத்தின் அடித்தளம், இரண்டையும் ஒப்பிட முடியாது என்று நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. நிலக்கரியை நம்பியிருக்கும் ஏழை நாட்டிடம் நாளையே நிறுத்து என்று சொல்வது அநீதி. ஆனால் பணி கடினமானது என்பதிலிருந்து அவகாசம், நிதி, கட்டங்கள் ஆகியவை கூடுதலாகத் தேவை என்ற முடிவுதான் வருமே தவிர, உற்பத்தியைப் பற்றிப் பேசவே கூடாது என்ற முடிவு வராது. வரலாற்றில் அதிகம் உமிழ்ந்து செல்வம் சேர்த்த நாடுகள் முதலில் குறைக்கவும், மற்றவர்களின் மாற்றத்துக்குப் பணம் தரவும் கடமைப்பட்டவை.

இன்னொரு தடையையும் நான் சொல்லியாக வேண்டும். காலநிலை உடன்படிக்கையின் நடைமுறை விதிகளில் வாக்கெடுப்பு பற்றிய விதி இன்று வரை ஏற்கப்படாததால், எல்லாரும் இசைந்தால்தான் முடிவு என்ற நிலை நீடிக்கிறது. எண்ணெய் விற்று வாழும் சில அரசுகள் தயங்கினால் மூழ்கும் தீவுகளின் கோரிக்கை, வரைவில் முடிவாகாத சொற்களைக் குறிக்கும் அடைப்புக்குறிக்குள் சிக்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்கான பேச்சும் இதே சுவரில்தான் மோதியது. 2022இல் நைரோபியில் பெரும் நம்பிக்கையோடு தொடங்கிய அந்த முயற்சி, 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடின்றிக் கலைந்தது. உற்பத்திக்கு வரம்பு வேண்டும் என்ற நாடுகளுக்கும், கழிவு மேலாண்மையே போதும் என்ற நாடுகளுக்கும் இடையே எழுந்த பிணக்கு அதன் மையத்தில் இருந்தது. இதுவரை உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே என்பதை அறிந்தபின், கழிவு மேலாண்மை மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பன்னாட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் வழங்கிய கருத்துரையில், புதைபடிவ எரிபொருள் உற்பத்தி, அதற்கான உரிமங்கள், மானியங்கள் ஆகியவற்றின் வழியே காலநிலையைக் காக்கத் தவறுவது பன்னாட்டுச் சட்டத்தை மீறிய செயலாகலாம் என்று கூறியிருக்கிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றன்று. இசைவு எட்டாதபோது பெரும்பான்மையால் முடிவெடுக்கும் விதியை ஏற்றுக்கொள்ளுங்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஒவ்வொன்றின் உற்பத்திக் குறைப்புக்கும், நாடுகளின் வசதிக்கும் பொறுப்புக்கும் ஏற்ற தனித்தனி அட்டவணையைக் காலநிலை உடன்படிக்கையின் கீழ் நெறிமுறையாக எழுதுங்கள். பிளாஸ்டிக் ஒப்பந்தத்தில் உற்பத்தி வரம்பை விட்டுக்கொடுக்காதீர்கள். மாற்றத்துக்கான நிதியைக் கடனாக இல்லாமல் கொடையாக, மாண்ட்ரியல் நெறிமுறையின் நிதியத்தைப் போலவே, அந்த அட்டவணையோடு பிணைத்துக் கொடுங்கள். அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் இந்த நான்கும் தனித்தனித் தலைப்புகளாக இடம்பெறுமா என்பதை அமர்வு கூடுவதற்கு முன்பே உங்கள் மக்களுக்கு வெளிப்படையாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு குடிமகன்