ஜப்பானில் ஸ்பானிஷ் வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியர்களுக்கு அயல்மொழி வராது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் ஸ்பானிஷ் கற்பித்தவள் நான்; இதை ஏற்க முடியாது.

உச்சரிப்பில் அவர்கள் கெட்டிக்காரர்கள். இரு மொழிகளிலும் உயிரொலி ஐந்துதான். தடுமாற்றம் ரகரத்தில். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். உருட்டவே வராமல் பாதி வகுப்பு தவிக்கும். பசுவுக்கு ஸ்பானிஷில் 'பாக்கா'. ஜப்பானிய மொழியில் 'பக்கா' என்றால் முட்டாள். அன்று பாடம் நடந்த மாதிரிதான்!

உண்மையான மலை வினைச்சொல். ஜப்பானிய வினை ஆளுக்கேற்ப மாறாது. ஸ்பானிஷில் ஒரு காலத்துக்கே ஆறு வடிவங்கள். 'பேசினேன், பேசினாய்' என்று வளர்ந்த நமக்கு அது பெரிதில்லை.

வாரம் ஒரு முறை, 90 நிமிடம், நாற்பது பேர். கேள்வி கேட்டால் பக்கத்து இருக்கையைப் பார்ப்பார்கள். அது அறியாமை அல்ல, தவறிவிடுவோமோ என்ற கூச்சம். முதலில் இருவர் இருவராக இரண்டு நிமிடம் பேசவிடுவேன். பிறகு கேட்டால் பதில் வரும். எழுத்துத் தேர்வு மட்டும் வைத்துவிட்டு, பேச வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது எப்படி?

இப்படிக்கு,
ஸ்பானிஷ் ஆசிரியை ஒருத்தி