பச்சை ஸ்டிக்கர்

கயல்,

போனில் பேச ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை வீடியோ காலில் முதலில் உன் முகம் வரவில்லை. பச்சையாக ஒரே இருட்டு. அப்புறம் நீ நகத்தால் எதையோ பிய்த்தாய், முகம் வந்தது. விரல் நுனியில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர், பெரிய பொட்டு அளவுக்கு. "ஏதோ லேபிள்ப்பா" என்றாய். அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் ஆயாவுக்குப் படைத்தோம். நீ பேசுவாய் என்று இலையை எடுக்காமல் இரண்டு மணிவரை வைத்திருந்தாள் அம்மா. ஏன் போன் எடுக்கவில்லை என்று அவள் கேட்டதற்கு "சார்ஜ் இல்லம்மா" என்றாய். அவள் நம்பிவிட்டாள்.

நான் தேடிப் படித்தேன். பெர்லினில் கிளப் வாசலிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்களாம், உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று. நல்ல பழக்கம்தான். ஆனால் சனி இரவு திறக்கும் கதவைச் சில இடங்களில் திங்கள் காலைதான் சாத்துகிறார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. மேற்கு பெர்லினில் பார், கிளப் மூட வேண்டிய நேரம் என்ற சட்டத்தை 1949-லேயே எடுத்துவிட்டார்களாம். வெள்ளி, சனியில் மெட்ரோவும் விடிய விடிய ஓடுகிறதாம். அப்படியென்றால் வீட்டுக்குப் போ என்று சொல்ல ஊரில் எதுவுமே இல்லை. நீயாகத்தான் கிளம்ப வேண்டும்.

நீ போவது பெர்கைன் என்கிற கிளப்பா, வேறு எதுவுமா என்று கேட்க மாட்டேன். அது பழைய அனல்மின் நிலையமாமே. கூரை 18 மீட்டர் உயரமாம். டர்பைன் ஹாலில் 31 வருஷம் நின்றவன் சொல்கிறேன், அந்த மாதிரிக் கான்கிரீட் கூடத்தில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து நெஞ்சில் அடிக்கும். என் இடது காது எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். இயர் பிளக் வைத்துக்கொள். குடித்தால் உன் கண்ணெதிரே திறந்த பாட்டிலை மட்டும் வாங்கு, கையை விட்டுக் கீழே வைக்காதே. நடுவில் தண்ணீர் குடி. யார் எதைக் கொடுத்தாலும் வாயில் போடாதே. தனியாகத் திரும்பாதே.

உன்னைக் கெட்ட பிள்ளை என்று நான் நினைக்கவில்லை. பெர்லின் கிளப்புகளில் போடுகிற டெக்னோ இசையை ஜெர்மனியே 2024-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உன் சித்தப்பா ஏதோ இழுத்துப் பேசியபோது அதைத்தான் சொன்னேன். ஜெர்மன் படித்து, தனியாக வீடு பிடித்து, மூன்று வருஷமாகக் கையேந்தாமல் நிற்கிறவள் என் பெண் என்றும் சொன்னேன். ஆனாலும் ஆயாவுக்குப் படைக்கிற நாளை மறந்துவிட்டாயே கயல்.

"சார்ஜ் இல்லம்மா" என்று நீ சொன்ன குரலை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். நீ நாலாவது படித்தாய். டியூஷனிலிருந்து கூட்டி வருகிற வழியில் பார் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "ரெண்டே நிமிஷம்டா" என்று உள்ளே போனேன். வெளியே வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நீ பையை மடியில் வைத்து, ஹேண்டிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாய். அழவில்லை. காலெல்லாம் கொசு கடித்துத் தடித்திருந்தது. அம்மா கேட்டால் பஞ்சர் என்று சொல் என்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன் நீயே சொன்னாய், "பஞ்சர்ம்மா." அதே குரல்தான். இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, இதை மட்டும் உன்னிடம் பேச முடியவில்லை. மன்னித்துக்கொள்ளம்மா.

அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், பஞ்சர் விஷயத்தை. நீ சனிக்கிழமை கிளம்பும்போது எனக்கு ஒரு வரி அனுப்பு, எந்த இடம், யாரோடு என்று. வீடு திரும்பியதும் இன்னொரு வரி. ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம். திங்கட்கிழமை தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசு. இயர் பிளக்கை மறக்காதே.

அப்பா