அளந்து போட்ட ஊரு

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முட்டி வலிக்கு தைலம் போடறீங்களா இல்லையா, அம்மாகிட்ட கேட்டா மழுப்புறாங்க. இங்க ஆஸ்திரேலியாவுல, அடிலெய்டுல செம வெயில், நம்ம சித்திரை மாதிரி, ஆனா டிசம்பர்ல.

வீடியோ கால்ல பாத்துட்டு ரோடெல்லாம் எப்படிடா நூல் புடிச்ச மாதிரி இருக்குன்னு கேட்டீங்கல்ல, அது உங்கள மாதிரியே நிலம் அளக்கற ஒரு சர்வேயர் வேலதான், கர்னல் வில்லியம் லைட்டுன்னு பேரு. 1837 ஜனவரி 11ல ஆரம்பிச்சு மார்ச் 10க்குள்ள 1042 பிளாட்டு, ஒண்ணொண்ணும் ஒரு ஏக்கர், சுத்திலும் பார்க்குக்கு நிலம் விட்டு, எல்லாம் செயின் போட்டு அளந்தது. கவர்னரு துறைமுகத்துப் பக்கமா வைன்னு மல்லுக்கு நின்னாரு, இவரு ஆத்துத் தண்ணிய பாத்து உள்ளதான்னு நின்னுட்டாரு.

மத்த இடம் மாதிரி கைதிங்கள கொண்டாந்து எறக்கின ஊரு இல்லப்பா இது. 1834ல லண்டன்ல சட்டம் போட்டப்பவே 35,000 பவுண்டுக்கு நிலத்த வித்துக் காட்டு, அப்புறம் குடியேத்துன்னுட்டாங்க. கண்ணுலயே பாக்காத நிலம், எவன் வாங்குவான்? ஏக்கர் 20 ஷில்லிங்க 12க்கு எறக்கி, ஆங்காஸ்னு ஒரு பணக்காரரு கூட்டு சேத்து மிச்சத்த வாங்கினப்புறம்தான் 1836ல கப்பலே கெளம்புச்சு. நிலம் வித்த காசுல கூலி ஆளுங்களுக்கு ஓசி டிக்கெட்டு. ஆனா அவங்க வந்ததும் நிலம் வாங்கிட்டா யாரு கூலிக்கு வர்றது, அதனால வெல கைக்கு எட்டாம இருக்கணும்ங்கறதுதான் திட்டமே. யோசனை வேக்ஃபீல்டுனு ஒருத்தரோடது, பொண்ண கடத்திட்டு ஜெயில்ல இருந்தவரு, அங்க உக்காந்துகிட்டே சிட்னில இருந்து எழுதற மாதிரி லெட்டர் எழுதி பரப்பினாரு, ஆஸ்திரேலியா பக்கமே வந்ததில்ல. கைதி வேணாம்ங்கற ஊருக்கு பிளான் போட்டது ஒரு கைதி! வாடகை கட்டறப்பல்லாம் எனக்கு அந்த ஆளு ஞாபகம்தான், வீட்டுக்கு டெபாசிட் இன்னும் பாதிகூட சேரல.

கார்னான்னு இங்கத்த பூர்வகுடி ஜனங்கதான் பாவம், அவங்க மண்ணு இது. அவங்க அனுபோகத்துல இருக்கற நிலத்துல அவங்க உரிமைக்கு பாதகம் வரக்கூடாதுன்னு 1836 ராஜ பத்திரத்துலயே எழுதியிருந்துச்சு, அளந்தப்போ ஒருத்தரும் அத கண்டுக்கல. உங்க லைட்டும்தான்.

அவருக்கும் பெருசா ஒண்ணும் மிஞ்சல. 1838ல வேலைய விட்டாரு, அடுத்த வருஷம் குடிசை தீப்புடிச்சு எழுதி வச்சதெல்லாம் போச்சு, அந்த அக்டோபர்லயே டிபில செத்துட்டாரு. அவரே அளந்த ஒரு சதுக்கத்துலதான் பொதச்சிருக்காங்க. மேல தூணு, தூணு உச்சில என்ன தெரியுமா, தியோடலைட்டு, சர்வேயருங்க கோணம் அளப்பாங்களே அந்தக் கருவி. போட்டோ அனுப்பறேன், எந்த மாதிரி மாடல்னு பாத்து சொல்லுங்க.