பெருவிரல் எட்டாத மூலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய திரைச் செல்பேசிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கேமரா, பேட்டரி, விலை என்று எல்லாவற்றையும் விரிவாக ஒப்பிட்டிருந்தது. அவற்றை ஒரே கையால் இயக்க முடியுமா என்ற கேள்வியை மட்டும் எழுப்பவில்லை. சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் எழுப்பியிருக்க மாட்டேன். கொல்லைப்புறப் படியில் வழுக்கி விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தபோதுதான், மகன் ஆசையாக வாங்கித் தந்த 6.7 அங்குலச் செல்பேசி இரண்டு கையும் ஓய்வாக இருப்பவர்களுக்கென்று செய்யப்பட்டது என்பது எனக்கு உறைத்தது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். வலது கையில் செல்பேசியை ஏந்தி, சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்தால் திரையின் கீழ்ப்பாதி முழுவதும் பெருவிரலுக்கு எட்டுகிறது. இடது மேல் மூலையைத் தொட வேண்டுமென்றால், உள்ளங்கைப் பிடியைத் தளர்த்தி, கருவியை விரல்களால் மெல்லக் கீழே இறக்கிக்கொண்டுதான் தொட வேண்டும். அந்த ஒரு கணத்தில் இருநூறு கிராம் எடையும் விரல் நுனிகளில் தொங்குகிறது. கருவி நழுவுவதும் அப்போதுதான். எனக்கு இரண்டு முறை தரையிலும், படுத்தபடி பார்க்கையில் ஒரு முறை மூக்கின் மேலும் விழுந்தது. நான் மின்கட்டணம் செலுத்தும் செயலியோ, தன் பட்டியலைத் திறக்கும் மூன்று கோடுகளைச் சரியாக அந்த மூலையில்தான் வைத்திருக்கிறது.

கை முறிந்த ஒருத்தியின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்பவர், இடுப்பில் குழந்தையை வைத்திருப்பவர், காய்கறிப் பையைச் சுமப்பவர் எல்லோரும் அந்த நேரத்தில் ஒற்றைக் கையர்தாம். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர், பொது இடங்களில் செல்பேசியோடு இருந்த 1,333 பேரைக் கவனித்து 2013இல் எழுதியதில், திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரு கையாலேயே இயக்கியதாகக் குறிப்பிட்டார். அன்றைய திரைகள் இன்றையவற்றைவிடச் சிறியவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம்தான். 2011இல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தில் வந்தபோது, இதைக் காதில் வைத்துப் பேசுவதா என்று கேலி செய்தார்கள். ஆனால் அளவுகளை ஒப்பிட்டால் ஒரு வியப்பு: அந்த நோட்டின் அகலம் 83 மில்லிமீட்டர், உயரம் 147, இன்றைய 6.7 அங்குலக் கருவிகள் பலவற்றின் அகலம் 80 மில்லிமீட்டருக்கும் குறைவு, உயரமோ 160ஐத் தாண்டுகிறது. அதாவது செல்பேசி பருக்கவில்லை, பனைபோல வளர்ந்துவிட்டது. அதனால் கடையில் எடுத்துப் பார்க்கும்போது கைக்குள் அடங்குகிறது; வீட்டுக்கு வந்த பிறகுதான் உச்சி எட்டவில்லை என்று தெரிகிறது. சிறிய கருவி விரும்புவோருக்கென ஆப்பிள் 2020இல் கொண்டுவந்த 5.4 அங்குல மினி வரிசையும் 2021க்குப் பிறகு தொடரவில்லை.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நான் பழகிய தமிழ்99 விசைப்பலகை, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவானது; உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் அமைய, இரு கைகளும் மாறி மாறி இயங்கும் அழகான அமைப்பு. மேசைக் கணினியில் அதன் சிறப்பாக இருந்த அதே பண்பு, ஒற்றைப் பெருவிரலுக்குத் தண்டனையாகிவிடுகிறது. ‘நீ’ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கே, ந வலது ஓரத்தில், ஈ இடது ஓரத்தில். பேரனுக்கு நான்கு வரி எழுதுவதற்குள் பெருவிரலின் அடிப்பகுதி கடுக்கத் தொடங்கிவிடும்.

இவற்றுக்கெல்லாம் ஓரளவு தீர்வு கருவிக்குள்ளேயே இருந்தும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் உண்மையான மனக்குறை. ஐபோனில் 2014 முதலே, திரையின் மேற்பகுதியைக் கீழே இழுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பிரிவில் தொடுதல் என்ற பகுதிக்குள் அதை இயக்கி வைத்துவிட்டு, முகப்புப் பொத்தான் இல்லாத கருவிகளில் திரையின் அடி விளிம்பில் விரலைக் கீழ்நோக்கித் தள்ளினால் போதும். ஆண்ட்ராய்டில் 12ஆம் பதிப்பு முதல் இதே போன்ற ஒற்றைக் கை முறை பல கருவிகளில் இருக்கிறது. சாம்சங் கருவிகளில் திரை முழுவதுமே சுருங்கி ஒரு மூலைக்கு வந்துவிடும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் காற்புள்ளி விசையை அழுத்திப் பிடித்தால் தோன்றும் கைப்படத்தைத் தேர்ந்தெடுக்க, விசைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். கட்டுப் போட்டு மூன்று வாரம் கழித்து, பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி தற்செயலாகச் செய்து காட்டிய பிறகே இவை எனக்குத் தெரிய வந்தன. செல்பேசி வாங்கிய கடையில் கண்ணாடி ஒட்டவும் உறை மாட்டவும் அரை மணி நேரம் செலவழித்தவர்கள், இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கவில்லை.

இவை முழுத் தீர்வு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இறக்கிய திரை சில நொடிகளில் மேலேறிவிடுகிறது. சுருக்கிய திரையிலோ என் வயதுக்கு எழுத்துகள் பொடியாகத் தெரிகின்றன. அடிக்கடி தொட வேண்டியவற்றைச் செயலி செய்வோரே கீழே வைத்துவிட்டால் இந்த வித்தைகளுக்கு வேலை இருக்காது. ஆப்பிள் 2021இல் சஃபாரி உலாவியின் முகவரிப் பட்டையைத் திரையின் அடிக்கே இறக்கியது. பழகாதவர்கள் முணுமுணுத்தார்கள், அவர்களுக்காக மேலே வைத்துக்கொள்ளும் வாய்ப்பையும் விட்டுவைத்தது. கட்டணம் செலுத்தும் செயலிகளை நடத்துவோர் அந்த அளவுக்காவது மெனக்கெடலாம்.

தங்கள் இதழ் இனி எந்தச் செல்பேசியை மதிப்பிட்டாலும் அதன் அகலம், உயரம், எடை ஆகியவற்றோடு, ஒற்றைக் கை முறை அதில் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது; விசைப்பலகையை நான் இன்னும் நடுவுக்கு நகர்த்தவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கும்பகோணம்.