டிரங்குப் பெட்டிக்குள் வர்க்கி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, சந்தோஷம்.

உன் தங்கை மகள் சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுக்கிறாள், எல்லாம் திமிர் என்று எழுதியிருந்தாய். அது திமிர் இல்லை செல்வி. என் கதையைச் சொன்னால் உனக்குப் புரியும்.

நான் ராத்திரியில் எழுந்து சாப்பிடுவேன். விளக்குப் போடாமல், நின்றபடியே, குக்கரில் மீந்த சோற்றைக் கையால் வழித்து வழித்து. பசி இருக்காது. வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாது. அப்புறம் குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இது 'பிஞ்ச் ஈட்டிங்' என்ற நோயாம். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தார்களாம். அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே பெயர் தீனிப்பண்டாரம்.

மூன்று மாதமாக ஒரு ஆலோசகரிடம் போகிறேன். "சின்ன வயதில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்டார். அம்மா போனபின் பெரியம்மா வீட்டில் எனக்கு மட்டும் தோசையை எண்ணிப் போடுவார்கள். முறுக்கு டின் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில் வர்க்கி இருந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நீ எதுவும் கேட்காமல் பெட்டியை மூடினாய். அதை நான் மறக்கவே இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் எடைக் குறைப்பு சிகிச்சை நடத்தியபோது, நன்றாக இளைத்து வந்தவர்களே பாதியில் நின்றுபோனார்களாம். விசாரித்தால், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். இளைத்த ஒரு பெண்ணை, அவளோடு வேலை செய்த ஆண் தவறான எண்ணத்தோடு நெருங்க, அவள் மறுபடி சாப்பிட்டே உடம்பை ஏற்றிக்கொண்டாளாம். பருமன் அவளுக்குக் காவல். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

எல்லாருக்கும் இதுதான் காரணம் என்றில்லை. உங்கள் பெண்ணுக்கு என்னவோ, அவளே சொன்னால்தான் உண்டு. தட்டின் முன்னால் வைத்துத் திட்டாதீர்கள். ஆனால் டாக்டரிடம் உடனே கூட்டிப் போங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். அவள் விரும்பினால் என் நம்பரைக் கொடு. ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
வசந்தா